மலை உச்சியருகே ஒரு கடற்கரை

சுவீடனின் ஸ்கூலெபெர்யெட் மலைக்குப் போகிறவர்களுக்கு முதல் வார்த்தை: நாற்காலி லிஃப்டுக்குக் காசு கொடுக்காதீர்கள். அந்த நாட்டில் காப்பி குடித்தாலே கையைக் கடிக்கும். அதுபோக, இந்த மலையில் பார்க்க வேண்டியதே சரிவில்தான் இருக்கிறது. லிஃப்ட் அதைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போய்விடும்.

மலையின் உயரம் சுமார் 295 மீட்டர். 286-வது மீட்டரில் பழைய கடற்கரை! ஏறும்போது காலடியைப் பாருங்கள். கீழே மொட்டைப் பாறை, அலை உருட்டிய உருண்டைக் கற்கள், மண் சுத்தமாகக் கழுவப்பட்டிருக்கும். பழைய கரையைத் தாண்டியதும் கற்களில் முனை இருக்கும், இடையில் பனிப்பாறை விட்டுப்போன மாவு மாதிரி மண், அதில் அடர்ந்த மரங்கள். அலை தொடாத இந்த உச்சி, தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைக் குல்லாய்.

பனியுகத்தில் சுமார் 3 கிலோமீட்டர் தடிமன் பனி இந்த நிலத்தை அமுக்கி வைத்திருந்தது. பாரம் இறங்கியதும் நிலம் எழும்பத் தொடங்கியது. அடியில் விலகிப்போன மேன்டில் (பூமியின் மேலோட்டுக்குக் கீழுள்ள அடுக்கு) பாறை மிக மெதுவாகத்தான் திரும்பி வரும் என்பதால் இன்றும் ஆண்டுக்கு 8 மில்லிமீட்டர் ஏறுகிறது. பனி உருகி உலகக் கடல் 120 மீட்டர் உயர்ந்தது. இங்கே நிலம் அதையும் முந்திவிட்டது. 1731-ல் சுவீடனின் யேவ்லெ நகர் அருகே பாறையில் நீர்மட்டக் குறி வெட்டிய செல்சியஸ் (தெர்மாமீட்டர்க்காரரேதான்) கடல்தான் வற்றுகிறது என்று நினைத்தார்.

பஸ் விஷயத்தை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அது ஈ-4 நெடுஞ்சாலையோடு சரி. பக்கத்திலுள்ள ஸ்கூலெஸ்கூகன் தேசியப் பூங்கா வாசலுக்குப் போக நடைதான், இல்லையென்றால் வாடகைக் கார். திரும்பும் பஸ் நேரத்தைக் குறித்துக்கொள்ளாமல் இறங்குவது முட்டாள்தனம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. மரக்குடில்களிலும் இலவசமாகத் தங்கலாம். முன்பதிவு கிடையாது, கோடையில் நிரம்பிவிடும், படுக்கைப்பை உங்களுடையது.

உள்ளே ஸ்லோட்டால்ஸ்க்ரெவான் பிளவை விடாதீர்கள்: 200 மீட்டர் நீளம், 40 மீட்டர் ஆழம், அகலம் 7 மீட்டர்தான். சிவப்புக் கிரானைட்டுக்குள் செருகியிருந்த டயபேஸ் என்ற கரும்பாறையை, கரை அந்த உயரத்தில் இருந்த காலத்தில் அலை அரித்துத் தின்ற இடம். கீழே கிடக்கும் கற்கள் காலடியில் ஆடும். காய்ந்த பாசிக்கல் பிடிமானம் தரும், நனைந்தால் சோப்புதான். மழை நாளில் சுற்றிப் போங்கள்.

வழியில் காணும் பெரிய கற்குவியல்கள் வெண்கலக் காலக் கல்லறைகள். கரையோரமாகக் கட்டியவை. இன்றைய வேகத்தில் கணக்குப் போட்டாலே 3000 ஆண்டுக்கு 24 மீட்டர் ஆகிறது. இப்போது அவை காட்டுக்குள் நிற்கின்றன. மேலே ஏறிப் படம் எடுக்காதீர்கள்.