ஒடிந்த பாய்மரத்தின் அடியில்

தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் மணப்பாட்டுக்குப் போய் வந்தேன். திருச்செந்தூரில் பஸ் மாறினால் குலசேகரன்பட்டினம் வழியாகப் பதினெட்டு கிலோமீட்டர்தான். பஸ்ஸில் பாதிப் பேர் முருகனைத் தரிசித்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆச்சி, நெற்றித் திருநீறு வியர்வையில் கரைய, "எங்கம்மா போற?" என்று கேட்டார். சிலுவைக் கோயிலுக்கு என்றேன். "எனக்கும் சேத்துக் கும்புட்டுக்க தாயி" என்றார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

நான் போன காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் அத்தைக்குப் பக்கவாதம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. காலையில் எழுப்பி உட்காரவைப்பது, துடைத்துத் துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது, முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது எல்லாம் நான்தான். ஒருநாள் என் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "என்ன செய்ய, இதுதான் ஆண்டவர் எனக்குக் கொடுத்த சிலுவை" என்று சொல்லிவிட்டேன். நம் வீடுகளில் சர்வ சாதாரணமாகச் சொல்கிற வார்த்தைதான். திரும்பிப் பார்த்தால் அத்தை விழித்திருந்தார். பேச்சுதான் போனதே தவிர, காது நன்றாகக் கேட்கும். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கோவிலில், இயேசுவின் பாடுகளை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப் பாதை செய்யும்போது என்னால் ஒழுங்காக முழங்காலிட முடியவில்லை. என் நாத்தனாரை ஒருநாள் வந்து அத்தையோடு இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் மணற்குன்றின் மேல் இருக்கிறது திருச்சிலுவை ஆலயம். ஏறி நின்றால் காற்று முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. கீழே ஃபைபர் படகுகள் வரிசையாகக் கரையேறிக் கிடக்கின்றன. இந்த ஊரில் கடலுக்குப் போகிறவர்களின் தினசரி வாழ்க்கையே இந்தக் குன்றின் பார்வையில்தான் நடக்கிறது. போகும்போதும் வரும்போதும் சிலுவையைப் பார்த்து நெற்றியில் அடையாளம் போட்டுக்கொள்வார்கள்.

கோவில் உண்டான கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். 1540 இல் ஒரு போர்த்துகீசியக் கப்பல் புயலில் சிக்கியது. பாய்மரம் ஒடிந்து விழுந்தது. உயிரோடு கரை சேர்ந்தால் அந்த ஒடிந்த மரத்திலேயே சிலுவை செய்து நடுகிறேன் என்று கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். கப்பல் மணப்பாட்டில் கரை சேர்ந்தது. நேர்ந்தபடியே குன்றின் மேல் சிலுவை நின்றது. 1581 இல் அந்த இடத்தில் ஆலயம் எழுந்தது. இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படும் திருப்பண்டமும் இங்கே இருக்கிறது. செப்டம்பர் 14, திருச்சிலுவை மகிமைத் திருவிழாவுக்குக் கூட்டம் தாங்காது. நான் போன அன்று ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். அதுவே எனக்கு வேண்டியிருந்தது.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பாய்மரம் என்ற சொல்லிலேயே மனசு நின்றுவிட்டது. கப்பலை அதுவரை ஓட்டி வந்ததே அந்த மரம்தானே. எங்கள் வீட்டை யோசித்துப் பார்த்தேன். நான் கல்யாணமாகி வந்தபோது அந்த வீட்டைத் தாங்கி நின்றவர் அத்தை. என் இரண்டு பிள்ளைகளையும் குளிப்பாட்டி, சோறூட்டி, ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர். நான் கவலையில்லாமல் வேலைக்குப் போய் வந்தேன். அந்த மரம்தான் ஒடிந்து கிடக்கிறது. அதைப் பார்த்தா பாரம் என்று சொன்னேன்?

சிலுவைப் பாதையின் ஐந்தாம் நிலை நினைவுக்கு வந்தது. சீரேன் ஊர் சீமோன் ஆண்டவருக்குச் சிலுவை சுமக்க உதவி செய்கிற நிலை. மாற்கு நற்செய்தி அவரைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்கிறது. அலக்சாந்தர், ரூபு இருவருடைய அப்பா, வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்தவர், பிடித்துக் கட்டாயப்படுத்தினார்கள். அவ்வளவுதான். அவர் அதற்காக வீட்டைவிட்டுக் கிளம்பி வந்தவரில்லை. அவருக்கும் வீட்டில் வேலை காத்திருந்திருக்கும். எரிச்சலோடுகூடத் தோள் கொடுத்திருக்கலாம். ஆனால் அவர் தூக்கியது இயேசுவின் சிலுவை. அறையப்படப் போகிறவர் இயேசு, சீமோன் இல்லை.

இத்தனை நாளும் நான் தலைகீழாக நினைத்திருக்கிறேன். தானாகப் புரண்டு படுக்க முடியாமல், ஒரு வார்த்தைகூடப் பேச முடியாமல், தன் உடம்பை மருமகள் துடைத்துவிடுகிறாளே என்று கூசிக் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பவர் அத்தை. சிலுவையில் இருப்பவர் அவர். நான் கொஞ்ச தூரம் கைகொடுக்க வந்தவள். பீடத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். ஆச்சியின் பெயரைச் சொல்லியும் ஒரு மெழுகுதிரி ஏற்றினேன்.

அவரவர் சிலுவையைத் தூக்கிக்கொண்டு தம்மைப் பின்பற்றச் சொல்லி இயேசு சொன்னதை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். லூக்கா மட்டும்தான் "நாள்தோறும்" என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதுகிறார். இதை மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். வெறும் பாடமாகத்தான் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டில் நாள்தோறும் என்றால் காலை ஐந்தரை மணி, ஒரு வாளி வெந்நீர், ஒரு பழைய பருத்தித் துண்டு.

அப்புறம் கடல் பக்கமாக இறங்கிக் குகைக்குப் போனேன். புனித சவேரியார் தங்கிச் செபித்த குகை. 1542 இல் இந்தக் கரைக்கு வந்தவர், 1544 இல் மணப்பாட்டிலிருந்தே கடிதங்கள் எழுதியிருக்கிறார். தமிழ் தெரியாத அவர், தெரிந்தவர்களை வைத்துக்கொண்டு சிரமப்பட்டு மந்திரங்களை, அதாவது செபங்களை, தமிழாக்கினார். கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் சொல்லிக்கொடுத்தவற்றில் சிலுவை அடையாளமும் ஒன்று. நோயாளிகள் வீட்டுக்கெல்லாம் தன்னால் போக முடியாதபோது, மந்திரம் படித்த பிள்ளைகளை அனுப்பிவைத்தார். நோயாளி படுத்திருக்கும் வீட்டுக்குள் ஒரு சிறுபிள்ளை போய் நின்று செபம் சொல்வதை நினைத்துப் பார்த்தேன். "அர்ச்சிஷ்ட சிலுவை அடையாளத்தினாலே" என்று தொடங்கி நெற்றியிலும் வாயிலும் நெஞ்சிலும் குறுக்கும் நெடுக்குமாக விரலை இழுக்க எனக்குச் சொல்லித் தந்தவர் என் பாட்டி. என் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்தவர் அத்தை.

அந்தக் குகைக்குள் அலைச் சத்தம் ஓயவே இல்லை. வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பும் வழியில், ஊரில் ஓலை முடைகிற பெண்களிடம் ஒரு சின்னப் பனையோலைப் பெட்டி வாங்கினேன். எங்கள் வீட்டில் குருத்து ஞாயிறுக்கு மடிக்கிற ஓலைச் சிலுவைகளை அத்தைதான் திரு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அடுத்த வருஷம் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுக்க அவற்றைக் கோவிலில் கொடுப்போம். இரண்டு வருஷமாகச் செருகி வைக்க ஆளில்லாமல் ஜன்னலில் கிடந்து காய்ந்தன. இந்த வருஷம் அவர் கைக்கு எட்டும்படி பெட்டியில் போட்டுக் கட்டில் பக்கத்தில் வைக்கலாம் என்று தோன்றியது.

வீட்டுக்கு வரும்போது ராத்திரி ஒன்பது மணி. கால் கழுவிவிட்டு நேராக அத்தையிடம் போனேன். கட்டிலோரம் முழங்காலிட்டு, "அத்தை, அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. பெட்டியை அவர் பக்கத்தில் வைத்தேன்.

அத்தை இடது கையை மெதுவாகத் தூக்கினார். எப்போதும் வலது கட்டைவிரலால் பிள்ளைகளுக்குச் சிலுவை போட்டு அனுப்புகிறவர். இடது கைக்கு அந்தப் பழக்கமில்லை, நடுங்கியது. என் நெற்றியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். குறுக்குக் கோடு சறுக்கி என் புருவத்தில் போய் நின்றது. மறுபடி கையைத் தூக்கி, முதலிலிருந்து போட்டார்.