டியூட்டி ரோஸ்டரும் ஓய்வுநாளும்

நர்ஸ் ஒருத்தி வார்டில் அழுதால் நான் அவ்வளவாகப் பயப்பட மாட்டேன். அழ முடிகிறவளுக்கு மனசு இன்னும் இளகித்தான் இருக்கிறது. நோயாளியின் பெயரை விட்டுவிட்டு "ஆறாம் நம்பர்" என்று மட்டும் சொல்லி, அடுத்த ஷிஃப்டுக்கு ஹேண்ட் ஓவர் கொடுக்கிறவளைப் பார்த்தால்தான் எனக்கு உதறல் எடுக்கும்.

எங்கள் வார்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தாள். சேர்ந்த புதிதில் ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, "சாப்பிட்டீங்களா தாத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாள். பிறகு ஆள் பற்றாக்குறை வந்தது. நைட் முடித்தவளையே மதியம் வரை நிறுத்திவைத்தார்கள். ஒரு நாள் காலையில் ஒரு அம்மா வந்து, "சிஸ்டர், ட்ரிப் முடிஞ்சிருச்சு, ட்யூப்ல ரத்தம் ஏறுது" என்றார். இவள் கேஸ் ஷீட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "வரேன், வரேன்" என்றாள். போகவில்லை. நான் போய் ட்ரிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பினேன். அவள் அதே வரியில் பேனாவை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். கேட்டதற்கு, "ஒண்ணுமே தோணலை சிஸ்டர்" என்றாள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட ஐசிடி-11 என்கிற நோய் வகைப்பாட்டில் இதற்கு இடம் உண்டு. பர்ன்-அவுட், அதாவது வேலையில் எரிந்து ஓய்ந்துபோவது, என்பது அதன் பெயர். நோய் என்று அதில் சொல்லவில்லை, வேலையால் வருகிற நிலை என்றுதான் வைத்திருக்கிறார்கள். உடம்பிலும் மனதிலும் சக்தி வற்றுவது, வேலையோடு ஒட்டாமல் விலகிப் போவது, செய்வது எதற்கும் பலனில்லை என்று தோன்றுவது, இந்த மூன்றும் அதன் அடையாளங்கள். நாள்பட்ட வேலை அழுத்தத்தைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதுதான் காரணம் என்றும் அதிலேயே இருக்கிறது.

நான் வேலை செய்வது கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில். காலையில் ஜெபத்தோடுதான் வார்டு தொடங்கும், அது எனக்குப் பிடித்த நேரமும்கூட. ஆனால் இங்கே ஒருத்தி களைத்துப்போனால் முதலில் வருகிற கேள்வி, "ஜெபம் பண்றியாம்மா?" என்பது. டபுள் டியூட்டி பார்க்கச் சொல்லும்போது, "கர்த்தருக்காகச் செய்யுங்க, அவர் பலன் தருவார்" என்பார்கள். சம்பளத்துக்கு ஆள் எடுத்து நிரப்ப வேண்டிய இடத்தை விசுவாசத்தால் நிரப்பச் சொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. வேதத்திலும் நான் அப்படிப் படிக்கவில்லை.

தீர்க்கதரிசி எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய காரியம் நடந்த பிறகு, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார். வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிடுகிறான். எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுக்கிறார், அப்போதும் ஒரு வார்த்தை இல்லை. இரண்டாம் தரம் எழுப்பும்போது, பயணம் வெகுதூரம் என்று சொல்லித் திரும்பவும் சாப்பாடு. ஓரேப் மலையில் தேவன் பேசியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அங்கேயும் எலிசா என்பவரைத் தீர்க்கதரிசியாக அபிஷேகம்பண்ணச் சொல்கிறார். அதாவது, கூட ஒரு ஆள் கொடுக்கிறார்.

இஸ்ரவேல் ஜனங்களை நடத்திய மோசேக்கும் இதே கதைதான். காலை முதல் சாயங்காலம் வரை ஜனங்களின் வழக்கை ஒருவராகக் கேட்டுக்கொண்டிருந்தார். மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆயிரம் பேருக்கு, நூறு பேருக்கு, ஐம்பது பேருக்கு, பத்துப் பேருக்கு என்று தலைவர்களை வைக்கச் சொன்னார். யாத்திராகமம் 18இல் இருக்கிற அந்த யோசனை எனக்கு ஒரு ரோஸ்டர், அதாவது யாருக்கு எப்போது டியூட்டி என்கிற பட்டியல், மாதிரிதான் தெரிகிறது. நீ மட்டுமல்ல, உன்னோடு இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்றும் எத்திரோ சொல்கிறார். ட்ரிப் முடிந்தும் யாரும் வராமல் நின்றாரே அந்த அம்மா, அவரும் அந்த ஜனங்களில் ஒருவர்.

ஓய்வுநாள் கட்டளையை உபாகமம் 5இல் படிக்கும்போது நான் எப்போதும் நின்றுவிடுகிற இடம் ஒன்று உண்டு. உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போலவே இளைப்பாற வேண்டும், நீ எகிப்திலே அடிமையாயிருந்ததை நினை என்கிறது. ஓய்வு கொடுக்க வேண்டிய கடமை வேலை வாங்குகிறவர் மேல் விழுகிறது. ரோஸ்டர் போடுகிற பேனா இப்போது என் கையில் இருப்பதால் இந்த வசனத்தை எனக்கே சொன்னதாக எடுத்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியைப் பூட்ட முடியாது. குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடலாம் என்று இயேசுவே சொன்னார். ஆனால் ஞாயிறு டியூட்டி பார்த்தவளுக்கு அந்த வாரத்துக்குள்ளேயே முழுதாக ஒரு நாள் ஆஃப் போடுகிறேன். ஆஃபில் இருப்பவளுக்குப் போன் போடக் கூடாது என்று வார்டு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். நைட் வரிசை முடிந்தவளுக்கு அடுத்த நாளே மார்னிங் போடுவதில்லை.

சபைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நைட் முடித்து வரும் பெண்ணைப் பாடகர் குழுவிலும் ஓய்வுநாள் பள்ளியிலும் தேடாதீர்கள். அவள் அன்றைக்கு வீட்டில் தூங்கட்டும். தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார் என்று சங்கீதம் 127 பாடுகிறோமே, அந்தத் தூக்கத்தை நாம் ஏன் கெடுக்க வேண்டும்?

அந்தப் பிள்ளைக்கு முதலில் லீவு வாங்கிக்கொடுத்தேன். தூக்கமே வரவில்லை, செத்துவிடலாம்போல இருக்கிறது என்று அவள் சொன்னதும், மனநல மருத்துவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். எலியா சொன்னதைத்தான் அவளும் சொன்னாள், அதை லேசாக எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியமில்லை. ராத்திரியில் யாரிடமாவது பேசத் தோன்றினால் கூப்பிடு என்று அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416ஐயும் அவள் போனில் பதிந்துகொடுத்தேன். இப்போது வேறு வார்டில் இருக்கிறாள். பெயர் சொல்லித்தான் ஹேண்ட் ஓவர் கொடுக்கிறாள் என்று அங்கிருக்கிற இன்சார்ஜ் சொன்னார்.

ரோஸ்டரில் நான் செய்த மாற்றங்களுக்கு மேட்ரன் அம்மா சரி சொல்லிவிட்டார். கூடுதலாக இரண்டு ஸ்டாஃப் கேட்டதற்கு மட்டும் நிர்வாகம் இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த கூட்டத்துக்கு யாத்திராகமம் 18ஐயும் கையில் எடுத்துக்கொண்டு போகப்போகிறேன்.