முதல்ல காணியில கோடு போடுங்கோ

பொதுநோக்கு மண்டபம் கட்டப்போற வன்னிச் சங்கங்களுக்கு: வரைபடத்தை மேசையில விரிச்சுக் கருத்துக் கேட்டால் சனம் தலையாட்டிப்போட்டுப் போயிடும். காணியிலேயே முளையடிச்சுக் கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால முழு அளவில கோடு போடுங்கோ. வாசல் வாற இடத்தை வெறுமையா விடுங்கோ. கதிரை போட்டு ஆக்களை இருத்துங்கோ. 6 அடி விறாந்தையில ரெண்டு வரிசை போட்டால் நடக்க வழியில்லை எண்டு அப்பதான் பிடிபடும்.

சக்கரக் கதிரையில வாறவையைக் கட்டாயம் கூப்பிடுங்கோ. போரால கால் இழந்தவை இல்லாத ஊர் இங்க குறைவு. 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளச் சாய்தளம், சக்கரக் கதிரை திரும்புறதுக்கு 5 அடி அகலம் வேணும்.

மாரி வெள்ளம் எவ்வளவு நிண்டதெண்டு மூத்தவையிட்டக் கேட்டு முளையில குறியுங்கோ, மண்டபத்தின்ர தரைமட்டம் அதுக்கு மேல வரட்டும். காலபோக நெல் விதைப்பு நேரம் கூட்டம் வைக்காதேங்கோ. மலசலகூட வாசல் எந்தப் பக்கம் எண்டதைப் பெண்களிட்டத் தனியக் கேளுங்கோ, பொதுக் கூட்டத்தில சொல்லமாட்டினம்.