கத்திரி வெயிலில் நகரும் பயஸ்

வேலூரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில், ஏசி இல்லாத அறையில், மின் சிக்னலை ஒளியில் ஏற்றும் லித்தியம் நியோபேட் மாக்-ஜெண்டர் மாடுலேட்டரின் பயஸை (அது இயங்கும் புள்ளியை நிர்ணயிக்கும் நிலையான வோல்டேஜை) ஒருமுறை வைத்துவிட்டு நம்பியிருக்கக் கூடாது. சூடு மாற மாற அது நகரும். உச்ச ஒளியில் சரிபாதி வெளிவரும் புள்ளியை விட்டு விலகியதுமே, சிக்னலின் இருமடங்கு அதிர்வெண்ணில் வரும் கோளாறான இரண்டாம் ஹார்மோனிக் தலைதூக்கும்.

பயஸோடு 1 கிலோஹெர்ட்ஸ் சிற்றலை ஒன்றைக் கலக்குங்கள். அரையலை வோல்டேஜ் (ஒளியை உச்சத்திலிருந்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோகும் வோல்டேஜ்) 5 வோல்ட் என்றால் 50 மில்லிவோல்ட் போதும். கூட்டினால் அதுவே சிக்னலோடு கலந்து புதுக் கோளாறாகும். வெளிவரும் ஒளியில் 1 சதவீதத்தை, ஒளியை மின்சாரமாக்கும் ஃபோட்டோடையோடுக்குப் பிரித்து, சிற்றலையின் இரண்டாம் ஹார்மோனிக்கான 2 கிலோஹெர்ட்ஸ் பூஜ்யமாகும்வரை பயஸைத் திருத்துங்கள். 1 கிலோஹெர்ட்ஸின் ஃபேஸையும் அவசியம் பாருங்கள்: ஒளி-வோல்டேஜ் வளைவின் எதிர்ச்சரிவில் பூட்டிக்கொண்டால் சிக்னல் தலைகீழாகிவிடும்.

மும்மடங்கு அதிர்வெண்ணில் வரும் மூன்றாம் ஹார்மோனிக் இதற்கெல்லாம் மசியாது. மாடுலேட்டருக்குள் செலுத்தும் ஆர்எஃப் (ரேடியோ அதிர்வெண்) சிக்னலின் வோல்டேஜைப் பாதியாக்கினால், மூலச் சிக்னலோடு ஒப்பிடுகையில் அது 12 டெசிபல் இறங்கும். சிக்னலும் 6 டெசிபல் இறங்குவதால், இரைச்சலை அளந்துகொண்டே குறையுங்கள்.