கேள்வி தவறினால் சோதனையும் தவறும்

பாலியல் நலப் பயிற்சி பெரும்பாலும் மருந்துப் பட்டியலில் தொடங்கி அதிலேயே முடிந்துவிடுகிறது. எந்த நோய்க்கு எந்த மருந்து என்பதைச் சுவரில் ஒட்டிய அட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். எதிரில் இருப்பவரிடம் "வாய்வழி உறவு உண்டா, ஆசனவாய் வழி உண்டா" என்று குரல் தடுமாறாமல் கேட்பதைத்தான் பழக வேண்டியிருக்கிறது. முதல் நாளில் பாதியையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

மூன்று மூன்று பேராக உட்கார வையுங்கள். ஒருவர் செவிலியராகவும் ஒருவர் சிகிச்சைக்கு வந்தவராகவும் நடிக்கட்டும், மூன்றாமவர் பேசாமல் குறிப்பெடுப்பவர். எட்டு நிமிடம் ஆனதும் இடம் மாறட்டும். குறிப்பெடுப்பவர் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கூட வந்தவரை வெளியே இருக்கச் சொன்னாரா? "எங்கிருந்து மாதிரி எடுப்பது என்று முடிவுசெய்யவே கேட்கிறேன், எல்லோரிடமும் கேட்பதுதான்" என்று காரணம் சொன்னாரா? "கல்யாணம் ஆகிவிட்டதா" என்று தொடங்கினாரா? இந்தக் கடைசிக் கேள்வியால் ஒன்றும் தெரியவராது. ஆண் துணையுள்ள ஆண் அதைக் கேட்டதுமே வாயை மூடிக்கொள்ளக்கூடும்.

சிறுநீரை மட்டும் சோதனைக்கு அனுப்பினால் தொண்டையிலோ மலக்குடலிலோ இருக்கும் கொனோரியா என்ற பால்வினைத் தொற்று அகப்படாது. அங்கே பெரும்பாலும் அறிகுறியும் இராது. கடைசி உறவு எப்போது என்று கேட்காமல் செய்த எச்.ஐ.வி. சோதனையும் ஏமாற்றும். கிருமியின் புரதத்தையும் அதற்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளையும் சேர்த்துத் தேடும், ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைச் சோதனையிலேயே தொற்று தெரிய 45 நாள் வரை ஆகலாம். ஆபத்தான உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் வந்தவரை "பிறகு வாருங்கள்" என்று அனுப்புவது பெருந்தவறு. 28 நாள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை அன்றே தொடங்க வேண்டியவராக அவர் இருக்கலாம்.

பொதுச் சுகாதாரத்தைத் தனிப் பாடமாக வைத்தால் எல்லோரும் கொட்டாவி விடுவார்கள். ஒரு கணக்குக் கொடுங்கள். 1,000 பேரில் 10 பேருக்கு நோய். சோதனையின் உணர்திறனும் (நோயுள்ளவருக்கு 'பாசிட்டிவ்' காட்டுவது) தனித்துவத்தன்மையும் (நோயில்லாதவருக்கு 'நெகட்டிவ்' காட்டுவது) 99 சதவீதம். அந்தப் பத்துப் பேரும் ஏறக்குறைய அகப்படுவார்கள். நோயில்லாத 990 பேரிலும் சுமார் 10 பேருக்கு 'பாசிட்டிவ்' வரும். அதாவது 'பாசிட்டிவ்' முடிவுகளில் பாதி பொய். கைப்படப் போட்டுப் பார்த்தவர் உறுதிச் சோதனை இல்லாமல் யாரிடமும் முடிவைச் சொல்லமாட்டார்.

அதிகம் சறுக்குவது நோய் உறுதியானவரின் துணைக்குத் தகவல் சொல்லும் இடத்தில். யார் யாருடன் உறவு இருந்தது என்று, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுக்கு அறிகுறி தோன்றுவதற்கு முந்தைய 60 நாள், முதல்நிலை சிபிலிசுக்கு (மேகப்புண் நோய்) 90 நாள் வரை பின்னோக்கிக் கேட்க வேண்டும். துணையிடம் பேசும்போது சிகிச்சைக்கு வந்தவரின் பெயரைச் சொல்லாமல் விட்டால் மட்டும் போதாது. தேதியோ ஊரோ வாய்தவறி வந்தாலும் ஆள் யாரென்று தெரிந்துவிடும். துணைக்குச் சிகிச்சை இல்லையென்றால் கிளமிடியா திரும்ப வரும். அதைத்தான் மருந்து வேலைசெய்யவில்லை என்று தப்பாக எழுதிவைக்கிறார்கள். சிகிச்சை முடிந்து மூன்று மாதம் கழித்து மறுசோதனைக்கு நாள் குறித்துக் கொடுங்கள். நான்கு வாரத்துக்குள் செய்தால் செத்த கிருமியின் மரபணுவே 'பாசிட்டிவ்' காட்டிவிடும்.