செப்டம்பரில் எண்ணிய துவரை

மும்பை மாதுங்காவில் நாங்கள் மளிகை வாங்கும் கடையை நடத்துபவர் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணாச்சி. துவரம்பருப்பின் விலையைக் கேட்டால், முதலில் கர்நாடகத்தில் துவரை அதிகம் விளையும் கலபுரகியில் மழை எப்படி என்பதைத்தான் சொல்வார். "பூ உதிராம நின்னா நம்ம பருப்பு, இல்லேன்னா கப்பல் பருப்பு, தம்பி" என்று அவர் சொன்னதிலிருந்துதான் விளைச்சல் கணிப்புகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினேன்.

நம் நாட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 45 லட்சம் டன் துவரை வேண்டும். அதிலிருந்து விளைச்சலைக் கழித்தால் இறக்குமதித் தேவை வந்துவிடும் என்று தோன்றும். ஆனால் ஜூன், ஜூலையில் விதைத்து டிசம்பருக்குப் பிறகே அறுக்கும் பயிருக்கு, வேளாண் அமைச்சகம் 2022 வரை வழக்கமாகச் செப்டம்பரில் முதல் விளைச்சல் மதிப்பீட்டை வெளியிட்டபோது செடி பெரும்பாலும் பூக்கக்கூடத் தொடங்கியிருக்காது. 2022 செப்டம்பரில் சுமார் 39 லட்சம் டன் என்று மதிப்பிடப்பட்ட துவரை, கலபுரகி வட்டாரத்தில் வாடல் நோய் பரவிய அந்தப் பருவத்தின் இறுதிக் கணக்கில் 33 லட்சம் டன்னாகச் சுருங்கியது. குறைந்துபோன அந்த ஆறு லட்சம் டன், நாடு முழுவதும் ஒன்றரை மாதத்துக்கு மேல் உண்ணும் பருப்பு.

பற்றாக்குறை தெரிந்த உடனே கப்பல் வந்துவிடுவதில்லை. மியான்மரிலிருந்து வரும் துவரையை நவி மும்பையின் வாஷி மொத்தச் சந்தையில் 'லெமன்' என்பார்கள். அதன் அறுவடை நம் அறுவடையை ஒட்டியே முடிவதால் அது முதலில் வந்துசேரும். மொசாம்பிக், மலாவி, தான்சானியா ஆகிய நாடுகளின் சரக்கோ ஆகஸ்டுக்குப் பிறகுதான் பெருமளவில் புறப்படும். ஆகவே நம் விளைச்சல் பொய்த்த ஆண்டில், ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில், எவ்வளவு பணம் கொடுத்தாலும் உலகில் வாங்குவதற்குப் போதுமான துவரை இருக்காது. 2023 மார்ச்சில் முழுத் துவரையின் மீதிருந்த 10 சதவீத இறக்குமதி வரியை அரசு நீக்கியது, ஜூனில் மொத்த வணிகர்களுக்கு 200 டன் என்று இருப்பு வரம்பும் விதித்தது. அப்படியும் அந்தக் கோடையில் விலை ஏறியதை எங்கள் வீட்டு மாதக் கணக்கே காட்டியது.

இதன் மறுபக்கம்தான் என்னை அதிகம் வருத்துகிறது. 2015இல் பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதைப் பார்த்து, 2016இல் விவசாயிகள் நம்பிக்கையோடு பெரும் பரப்பில் விதைத்தார்கள். அதே ஆண்டில் மொசாம்பிக்குடன் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தமும் செய்யப்பட்டது. அந்தப் பருவத்தில் மழை நன்றாகப் பெய்து, முந்தைய ஆண்டில் 26 லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த விளைச்சல் 48 லட்சம் டன்னைத் தாண்டியது. உள்நாட்டுத் துவரையும் கப்பல் துவரையும் ஒன்றாகச் சந்தைக்கு வந்ததில், குவிண்டாலுக்கு 5,050 ரூபாய் ஆதரவு விலை இருந்தும் பல சந்தைகளில் 4,000 ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. இறக்குமதிக்கு ஆண்டுக்கு இரண்டு லட்சம் டன் என்று வரம்பு வந்தது 2017 ஆகஸ்டில். அதற்குள் சிறு விவசாயிகள் பெரும்பாலும் விளைந்ததை விற்று முடித்திருந்தார்கள். அந்த ஆண்டு மலிவாகக் கிடைத்த பருப்பை நானும் மகிழ்ச்சியோடு வாங்கி வந்தேன் என்பது இப்போது உறுத்துகிறது.

முதல் மதிப்பீடு தவறுவதை நான் குறையாகச் சொல்லவில்லை, ஏனென்றால் பூக்காத செடியின் காயை எவராலும் எண்ண முடியாது. அந்த எண் திருத்தப்படும்போதெல்லாம் இறக்குமதி விதியும் பருவத்தின் நடுவில் மாறுவதுதான் தவறு என்பது என் கருத்து. வரி எவ்வளவு, வரம்பு உண்டா என்பது விதைப்புக்கு முன்பே, மே மாத இறுதிக்குள் அறிவிக்கப்பட்டு அடுத்த அறுவடை வரை மாறாமல் இருந்தால், மகாராஷ்டிரத்தின் லாத்தூரில் முதல் மழைக்குக் காத்திருக்கும் விவசாயி, இந்த ஆண்டு துவரை போடுவதா சோயா போடுவதா என்பதைக் கப்பலையும் கணக்கில் வைத்தே முடிவு செய்யலாம்.