கண்ணாடியின் உள்பக்கம்

போன ஐப்பசியில் அம்மாவை அழைத்துக்கொண்டு தூத்துக்குடியிலிருந்து இரவில் மதுரைக்குத் திரும்பினேன். எட்டயபுரம் தாண்டியதும் தூறல். எதிரே வந்த லாரியின் விளக்கு முன்கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் படர்ந்தது. சில நொடிகள் சாலையே தெரியவில்லை. வைப்பரை வேகமாக ஓட்டியும் விலகவில்லை. ஓரமாக நிறுத்தி, கண்ணாடியின் உள்பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தேன். அந்தக் கோட்டுக்குள் மட்டும் விளக்குகள் கூர்மையாகத் தெரிந்தன. விரல் நுனியில் பிசுக்கு.

வெளிப்பக்கத்தை வாரந்தோறும் கழுவுகிறேன். டீசல் புகை, சாலை எண்ணெய், வாட்டர் சர்வீஸில் பூசும் மெழுகு எல்லாம் அங்கேதான் படியும் என்று நினைத்திருந்தேன். உள்ளே படிவது வேறு. டேஷ்போர்டு வினைல் இளக்கமாக இருக்கச் சேர்க்கும் பிளாஸ்டிசைசர், வெயிலில் ஆவியாகி எழுந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. மதுரை வெயிலில் நாள் முழுக்க நிற்கும் வண்டிக்குக் கேட்கவா வேண்டும்? போதாக்குறைக்கு, பளபளப்புக்காக மாதம் ஒருமுறை நான் பூசிய சிலிக்கோன் பாலிஷும் சேர்ந்திருக்கும்.

ஈரத்துணியால் துடைத்தால் பிசுக்கு இடம் மாறுமே தவிர, போகாது. மறுநாள் வண்டியை நிழலில் நிறுத்தி, கண்ணாடி சூடு ஆறியபின் தொடங்கினேன். அரை வாளி நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு. அதில் நனைத்துப் பிழிந்த துணியால் முதல் துடைப்பு. பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சரிபாதி. அதைக் கண்ணாடியில் அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் தெளித்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். சட்டென்று தீப்பற்றும் பொருள். கதவுகளைத் திறந்துவையுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது. கண்ணாடி டேஷ்போர்டோடு சேரும் அந்தக் குறுகிய மூலைதான் பெரும்பாடு. உள்ளங்கை நுழையாது, துணியைப் புறங்கையில் சுற்றித் தள்ளினேன். முதல் துணி பழுப்பாகிவிட்டது, இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதுதான் வெள்ளையாக வந்தது.

உள்ளே மேலும் கீழுமாக, வெளியே இடமும் வலமுமாகத் துடையுங்கள். கோடு மிஞ்சினால் எந்தப் பக்கம் என்று உடனே தெரியும். வைப்பர் ரப்பரையும் கறுப்பு வராத வரை துடைத்துவிடுங்கள். வெளியே தண்ணீர் தெளித்துப் பாருங்கள்: நீர்விலக்குப் பூச்சு இல்லாத கண்ணாடியில் முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இன்னும் இருக்கிறது, தகடாக வழிந்தால் போய்விட்டது.

இப்போது டேஷ்போர்டுக்கு ஈரத்துணி மட்டும்தான். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, தூத்துக்குடிக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை தவறாமல், உள்பக்கத்தைத் துடைக்கிறேன்.